2038 என் கணினிக்கு முன்கூட்டியே வந்தது

இருபது வருடத் தவணை ஒன்றின் கடைசித் தேதியை எங்கள் நிரல் 1908 என்று காட்டியது. தேடினால், நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் நொடிகளாக எண்ணி 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 வைக்கும் 32 இடங்களில், வைத்திருந்தார்கள். அதில் ஒன்று கூட்டல்-கழித்தல் குறிக்குப் போய்விடும். அது 2,147,483,647 வரைதான் தாங்கும். 2038 ஜனவரி 19-இல் நிரம்பி, பின்னால் 1901-க்குக் குதித்துவிடும்.

"2000-லும் இப்படித்தான் பயமுறுத்தினார்கள், ஒன்றும் ஆகவில்லையே" என்றார் சக ஊழியர். ஆண்டை இரண்டு இலக்கத்தில் வைத்த நிரல்கள் 2000-ஐ 1900 என்று எடுத்துக்கொள்ளும் என்ற பயம் அது. முன்கூட்டியே பலர் உட்கார்ந்து திருத்தியதால்தானே ஆகவில்லை!

சரி, 64 பிட்டுக்கு மாற்றினேன். நிரலுக்கு ஒரு மணி நேரம்தான். பழைய கோப்புகளில் தேதிக்கு நான்கு பைட் (32 பிட்) இடமே இருந்தது. அவற்றை மாற்றி எழுத மூன்று நாள். அப்புறம் சோதனைக் கணினியின் கடிகாரத்தை 2038-க்குத் தள்ளி ஓட்டினேன். இன்னும் இரண்டு இடத்தில் உடைந்தது. அவற்றையும் சரிசெய்தேன்.