நண்பருக்குப் புத்தகம் பரிந்துரைப்பது எப்படி?

"ஏதாவது நல்ல புத்தகம் இருந்தா சொல்லேன்" என்று நண்பர் கேட்டதும் நம்மில் பலர் பத்துப் பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்கிவிடுவோம். அவரும் ஒரு 'சூப்பர்' போட்டுவிட்டு ஒன்றைக்கூடத் தொடமாட்டார். அந்தப் பட்டியலில் இருந்ததெல்லாம் சொன்னவரின் ரசனை. கேட்டவர் அதில் எங்குமே இல்லை. அவரை உள்ளே கொண்டுவரும் வழியைப் பார்ப்போம்.

படி 1: முதலில் விசாரியுங்கள்

"என்ன மாதிரி புத்தகம் பிடிக்கும்?" என்று கேட்டால் நாவல், வரலாறு என்று பொத்தாம்பொதுவாகத்தான் பதில் வரும். கடைசியாக முழுசாகப் படித்தது எது, பாதியில் மூடி வைத்தது எது என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் ஆள் சூடாகப் பேசுவார். "நூறு பக்கமா மழையே பெய்யுது, கதை எப்ப ஆரம்பிக்கும்?" என்றால் நீண்ட வர்ணனை அவருக்கு ஆகாது. "யார் செத்தா எனக்கென்னன்னு இருந்துச்சு" என்றால் அவர் தேடுவது மனிதர்களை.

படி 2: எந்த வாசல்?

அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் இதற்கு ஒரு நல்ல வழி சொல்லியிருக்கிறார். வாசகர்கள் ஒரு புத்தகத்துக்குள் நுழைய நான்கு வாசல்கள் உண்டு: கதை, பாத்திரங்கள், களம், மொழி. ஒவ்வொருவருக்கும் இதில் ஏதோ ஒன்று பெரிய வாசலாக இருக்கும். நண்பர் பேசுவதைக் கவனித்தாலே பிடிபட்டுவிடும். "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கீழ வைக்க முடியலை" என்பவருக்குக் கதை. பாத்திரத்தைப் பக்கத்து வீட்டுக்காரரைப் போல உரிமையோடு திட்டுபவருக்கு மனிதர்கள். "அந்த ஊருக்கே போய்ட்டு வந்த மாதிரி இருக்கு" என்றால் களம். ஒரு பத்தியைப் போட்டோ எடுத்து அனுப்புகிறவருக்கு மொழி.

இது தெரிந்துவிட்டால் நாவல், கட்டுரை என்ற பிரிவுகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒரே துப்பறியும் நாவலை இருவர் கொண்டாடலாம். ஒருவருக்குக் கொலைகாரன் யார் என்று தெரிந்தாக வேண்டும், இன்னொருவருக்கு அந்தச் சிடுமூஞ்சி இன்ஸ்பெக்டரைப் பிடித்துவிட்டது. இரண்டாமவருக்கு இன்னொரு கொலைக்கதை தேடி அலையாமல் நல்ல தன்வரலாறு ஒன்றைக் கொடுக்கலாம்.

படி 3: ஒன்றே ஒன்று சொல்லுங்கள்

பட்டியல் வேண்டாம். ஒரு புத்தகம், கூடவே நாலு வரி. இப்படி:

"உனக்கு அந்த இன்ஸ்பெக்டரைப் பிடிச்சுதுல்ல, அதனால இது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருத்தரோட தன்வரலாறு, 180 பக்கம்தான். முதல் ரெண்டு அத்தியாயம் இழுவை, தாண்டிட்டா சிரிச்சுகிட்டே போகலாம். நடுவுல ஒரு மரணம் வரும், கொஞ்சம் கனமா இருக்கும்."

ஏன் உனக்கு, எவ்வளவு நீளம், எங்கே இழுக்கும், எது மனதைச் சங்கடப்படுத்தலாம் என்ற நான்கும் இதிலேயே வந்துவிட்டன. முடிவைச் சொல்லக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். "கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு" என்பதும் அதே பாவம்தான். படிக்கிறவர் கதையை விட்டுவிட்டு ட்விஸ்டைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

படி 4: பாதியில் விட அனுமதி கொடுங்கள்

நான்சி பேர்லின் இன்னொரு விதி: 50 பக்கம் படித்தும் பிடிக்கவில்லையா, மூடிவிடலாம். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தால் 100-இலிருந்து வயதைக் கழித்து, மீதி வருகிற பக்கங்கள் படித்தால் போதும். 62 வயதுக்காரருக்கு 38 பக்கம். இதை நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படிக்க முடியாமல் போனால் உங்கள் முகத்தில் விழிக்கவே கூச்சப்படுகிற நிலை அவருக்கு வராது.

படி 5: படிக்கும் பழக்கங்களையும் பரிமாறிக்கொள்ளுங்கள்

"எப்படிடா இவ்வளவு படிக்கிற?" என்பதைவிட எப்போது, எங்கே, எதில் படிக்கிறாய் என்று துருவுங்கள். சிலர் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்காருவார்கள். சிலர் பகலில் கனமான புத்தகம், படுக்கப்போகும்போது இலகுவான சிறுகதை என்று இரண்டை ஒன்றாக ஓட்டுவார்கள். பாத்திரம் தேய்க்கும்போது ஒலிப்புத்தகம் கேட்பவர்களும் உண்டு. ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்து ஒரு வாரம் செய்து பாருங்கள்.

வருடத்துக்கு எத்தனை புத்தகம் என்ற போட்டி மட்டும் வேண்டாம் என்பேன். அந்தக் கணக்கில் 90 பக்கக் குறுநாவலும் ஒன்று, 900 பக்க நாவலும் ஒன்று. கொஞ்ச நாளில் கை தானாகவே மெல்லிய புத்தகங்களின் பக்கம் போய்விடும்.

படி 6: இரவல் கொடுத்தால்

புத்தகத்தோடு நண்பரை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். யாரிடம், எந்தத் தேதியில் என்பது போனிலேயே பதிவாகிவிடும்.

படி 7: கொடுத்த பிறகு

"எந்தப் பக்கத்துல இருக்க?" என்று தினமும் கேட்டால் அது நச்சரிப்பு. முடித்ததும் "பிடிச்சுதா?" என்றும் கேட்காதீர்கள், மரியாதைக்கு "நல்லாயிருந்துச்சு" என்று சொல்லி முடித்துக்கொள்வார். "எங்க போரடிச்சுது?" என்று கேளுங்கள், பேச்சு நீளும். அவருடைய வாசல் எது என்ற உங்கள் ஊகமும் அதில் திருத்தமாகும். அப்புறம் அவர் உங்களுக்கு ஒன்று சொல்வார். அதற்கும் நீங்கள் 50 பக்கம் கடன்பட்டிருக்கிறீர்கள்.