பால் நிற்காத மங்கு: சாய்ந்த வட்டம் வரைவதில் வரும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தோட்டத்து விழாவுக்குப் பேனர் செய்தேன். பால்மரமும் (ரப்பர் மரம்), வடியும் பாலைப் பிடிக்க அதில் கட்டிய மங்கு என்ற கிண்ணமும்தான் படம். பால்மரம் சீவியே வயதான ஒரு பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "ஏய்யா, இந்த மங்குல பால் நிக்காதே, கீழ ஊத்திருமே!" என்றார். ஊற்றத்தான் செய்யும். கணினியின் பெயிண்ட் மென்பொருளில் நீள்வட்டம் போட்டு, 'ஸ்கியூ' வசதியால் கோணலாக இழுத்து வைத்திருந்தேன்.

நிறையப் பேர் செய்யும் தவறு இது. வட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கண்ணுக்கு நீள்வட்டமாகவே தெரியும், ஆனால் அதன் திசையை நம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. மங்கின் வாய்க்கு நடுவில் ஒரு குச்சியை அந்த வாய்க்குச் செங்குத்தாக நட்டதாக நினையுங்கள். படத்தின் ஓரத்துக்கு ரொம்பப் போகாதவரை, நீள்வட்டத்தின் குறுகிய அச்சு அந்தக் குச்சியின் திசையிலேயே விழும். நேராகத் தொங்கும் மங்குக்கு வாய் கிடைமட்டம். பாலை எடுத்துவிட்டுச் சாய்த்து வைத்த மங்கு என்றால் முதலில் குச்சியை வரையுங்கள், அப்புறம் நீள்வட்டத்தை அதற்கேற்பச் சுழற்றுங்கள். பழைய பெயிண்ட்டில் 90 பாகையாக மட்டுமே சுழற்ற வரும். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் என்ற பட மென்பொருள் இதற்குத் தேவலை.

எவ்வளவு தட்டையாக்குவது? நமக்கு நேரே முகம் காட்டும் வட்டத்தை 45 பாகை சாய்த்தால் அகலம் பாதியாகும் என்று கை தானாகப் போகும். இல்லை, பத்தில் ஏழு பங்கு மிஞ்சும். பாதியாக 60 பாகை வேண்டும்.

நடுப்புள்ளியில்தான் நான் அதிகம் சறுக்கியிருக்கிறேன். தேர்ச்சக்கரம் வரையும்போது நீள்வட்டத்தின் மையத்தில் அச்சாணியை வைத்து ஆரங்களை இழுத்தால், ஏதோ உதைக்கும். நமக்குக் கிட்டே இருக்கும் பாதி பெரிதாகவும் தள்ளி இருக்கும் பாதி சிறிதாகவும் தெரிவதால், வட்டத்தின் உண்மையான மையம் நீள்வட்ட மையத்தைவிடச் சற்று அப்பால் இருக்கும். இதைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். ஒரு சதுரம், அதன் நான்கு பக்கங்களையும் தொடும் வட்டம், இரண்டு மூலைவிட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே லேயரில் போட்டு, கிம்ப்பின் பெர்ஸ்பெக்டிவ் கருவியால் நான்கு மூலைகளையும் இழுங்கள். மூலைவிட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடமே மையம்.

நீள்வட்டத்தின் இரு முனைகளைக் கூராக்கி மாவிலை மாதிரி வரைவதும் உண்டு. முனை எவ்வளவு குறுகினாலும் வளைந்தே திரும்பும்.

மங்கின் வாயை வரைந்து, அதையே சுருக்கி அடிப்பாகத்துக்கும் ஒட்டாதீர்கள். நேராக நிற்கும் மங்கை மேலிருந்து பார்க்கும்போது அடி நம் கண்மட்டத்துக்கு இன்னும் கீழே இருக்கிறது. அதனால் அளவில் சிறிதானாலும் வாயைவிடச் சற்று உருண்டையாகத் தெரியும்.

கடைசியாக, கோட்டின் தடிமன். கோடு போட்ட வட்டத்தை நசுக்கினால் கோடும் சேர்ந்து நசுங்கி, ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் போகும். நிறம் நிரப்பிய வட்டத்தை மட்டும் ஒரே தடவையில் இழுத்து முடித்துவிட்டு, அதன் விளிம்பில் புதிதாகக் கோடு போடுங்கள். திரும்பத் திரும்ப இழுத்தால் ஒவ்வொரு முறையும் ஓரம் மங்கும், பேனர் அளவுக்குப் பெரிதாக்கும்போது அது நன்றாகவே தெரியும்.