சாமுராய் கவசத்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் சாமுராய் கவசத்தின் முன் போய் நின்றால், கண் முதலில் தலைக்கவசத்தின் கொம்புக்குத்தான் போகும். அதைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு, மார்புப் பகுதியையும் அதில் ஓடும் கயிறுகளையும் முதலில் பாருங்கள். எத்தகைய போரை மனத்தில் கொண்டு அக்கவசம் செய்யப்பட்டது என்பதை அவையே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இரும்பாலோ பதனிடாத தோலாலோ ஆன 'கொசானே' என்னும் சிறு செதில்களில் துளையிட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வரிசையாகக் கட்டி, ஈரம் மிகுந்த ஜப்பானில் துருப்பிடிக்காதிருக்க உருஷி மரத்துப் பாலைப் பல அடுக்குகளாகப் பூசி, அவ்வரிசைகளைப் பட்டுக் கயிறுகளாலோ தோல் வார்களாலோ பிணைத்தார்கள். இந்தப் பிணைப்புக்கு 'ஒடோஷி' என்று பெயர். கயிறுகள் செதிலை மறைக்கும் அளவுக்கு நெருங்கியிருந்தால் அது 'கெபிகி'. இரண்டிரண்டாக, இடைவெளி விட்டு ஓடினால் 'சுகாகே'. நெருங்கிய பிணைப்பு அழகுதான். ஆனால் மழையில் நனைந்தால் கனத்துவிடும், எளிதில் உலராது, நீண்ட படையெடுப்புகளில் பேனுக்கும் இடம் கொடுக்கும். போர்கள் ஓயாத 16ஆம் நூற்றாண்டில் சுகாகே பரவியதற்கு இத்தொல்லைகளும் காரணம்.

அடுத்து, மார்பின் மேல் வழவழப்பான தோல் விரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது குதிரைமீதிருந்து வில்லெய்தவர்களின் 'ஓ-யோரோய்' வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம்; நாண் செதில்களில் சிக்காமலிருக்கவே அத்தோல். 1543இல் தனேகாஷிமா தீவுக்குப் போர்த்துகீசியர் வழியாகத் துப்பாக்கி வந்த பிறகு, செதில்களின் இடத்தை அகன்ற இரும்புத் தகடுகள் பிடித்தன. அத்தகட்டில் குண்டு பட்ட குழி தெரிந்தால் உடனே போர்க்களத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். உறுதியைக் காட்டுவதற்காகக் கவசக் கம்மியரே சுட்டுப் பார்த்த தடமாகவும் இருக்கலாம். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அமைதி நிலவிய 'எடோ' காலத்தில் (1603–1868) பழைய பாணியையே பின்பற்றிப் புதிய கவசங்கள் செய்தார்கள் என்பதால், பழைய தோற்றத்தை மட்டும் வைத்துக் காலத்தை முடிவுசெய்யக் கூடாது.

முகமூடியில் பலரும் மீசையைத்தான் ரசிக்கிறார்கள். நான் குனிந்து தாடைக்குக் கீழே பார்க்கச் சொல்வேன்: பல முகமூடிகளில் அங்கே வியர்வை வடிய ஒரு சிறு துளை இருக்கும்.

இனி, ஒதுக்கிவைத்த தலைக்கவசத்துக்கு வரலாம். முன்னோக்கியே பறப்பதாகக் கருதப்பட்ட தும்பியை 'வெற்றிப் பூச்சி' என்று அழைத்துச் சின்னமாக அணிந்தார்கள். போர்த்தலைவர் தாதே மசமுனேயின் பிறைச் சின்னத்தில் இரு முனைகளும் சமமாக இருக்காது. சாமுராய் தளபதி நவோயே கனெட்சுகுவின் தலைக்கவசத்தில் 'அன்பு' என்று பொருள்படும் எழுத்து நிற்கிறது. அதைக் காதலாக வாசித்துவிடாதீர்கள், அய்சென் அல்லது அதாகோ என்னும் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது என்றே பொதுவாக விளக்குகிறார்கள். இன்னொரு தளபதியான ஹோண்டா ததகட்சுவின் தலைக்கவசத்திலிருந்து கிளைத்தெழும் மான்கொம்புகளோ பார்வைக்குக் கழுத்தை ஒடித்துவிடும் போலத் தோன்றினாலும், காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, மேலே உருஷி பூசிச் செய்தவைதாம்.