மஞ்சள் கருவை மீண்டும் சாப்பிடத் தொடங்கினேன்

காலையில் ஓட்டம், மாலையில் பளுப் பயிற்சி. பயிற்சியாளர் சொன்னபடி வெள்ளைக் கரு மட்டும் சாப்பிட்டு வந்தேன். பதினொரு மணிக்கெல்லாம் வயிறு கிள்ளும்.

கணக்குப் பார்த்தேன். ஒரு பெரிய முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். அதில் ஐந்தில் இரண்டு பங்கு மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. மூளைக்குத் தேவையான கோலின், வைட்டமின் டி, கண்ணுக்கு நல்லதான லூட்டீன் எல்லாமே அங்கேதான். கூடவே ஏறக்குறைய 186 மி.கி. கொலஸ்ட்ராலும்!

எல்லாரும் பயப்படுவது அந்த எண்ணுக்குத்தான். ஆனால் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே தயாரிக்கிறது. ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்டிஎல்லை உயர்த்துவதில், வெண்ணெய், நெய் போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்புக்குத்தான் பங்கு அதிகம். ஒரு முட்டையில் அது 1.5 கிராம் அளவே. அமெரிக்க உணவு வழிகாட்டுதலின் 2015–2020 பதிப்பு, கொலஸ்ட்ராலுக்கான பழைய 300 மி.கி. தினசரி வரம்பைக் கைவிட்டது. குறைவாகச் சாப்பிடுங்கள் என்ற அறிவுரை மட்டும் தொடர்ந்தது.

ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, தினம் இரண்டு முழு முட்டைக்கு மாறினேன். வெண்ணெயில் பொரிக்காமல் வேகவைத்தேன், இது முக்கியம். சில மாதம் கழித்து மறுபரிசோதனை: எல்டிஎல் ஏறவில்லை. பசியும் அடங்கிவிட்டது.

சிலருக்கு உணவுக் கொலஸ்ட்ராலே எல்டிஎல்லை நன்றாக ஏற்றிவிடும், எவ்வளவு ஓடினாலும். சர்க்கரை நோய் உள்ளவர்களும், பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.