எம்டி 90: ஹெட்டைக் கழற்ற முதல் வால்வைச் சோதிப்பது எப்படி?

ஹொண்டா எம்டி 90 மோட்டார் சைக்கிளில் இழுவை குறைந்து நீலப் புகை வந்தவுடன் பலர் நேரே ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் சிலிண்டர் மேல்மூடியை, கழற்றுவார்கள். வேண்டாம். கழற்றிய பிறகு கரியும் தேய்வும் தெரியும், ஆனால் காற்று எந்த வழியால் கசிந்தது என்பது தெரியாது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின் என்றால் உள்ளே பழைய கரி இருக்கும் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

முதலில் புகை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகள் நீலமாக வந்து நின்றால் வால்வு கைட் (வால்வின் தண்டு ஓடும் குழாய்) வழியாக ஒயில் இறங்குகிறது. அடுத்த சோதனையை இறக்கத்தில் செய்யலாம், ஆனால் யாழ்ப்பாணத்தில் இறக்கம் ஏது? ஆகவே நேர் வீதியில் வேகமாகப் போய், அக்சிலேட்டரை விட்டு 5 விநாடி கழித்துத் திரும்ப முறுக்குங்கள். அப்போது பின்னால் நீலமாகக் கிளம்பினாலும் கைட்தான். முறுக்கும் நேரமெல்லாம் விடாமல் புகைத்தால் பிஸ்டன் ரிங்.

அடுத்தது டெப்பட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் உள்ள இடைவெளி. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். மக்னெட் மூடியைக் கழற்றி, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் 'டி' குறி நேராக வரும்வரை மக்னெட்டைச் சுற்றுங்கள். இரண்டு ராக்கரும் ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. இடைவெளி இரண்டுக்கும் 0.05 மிமீ. இடைவெளியே இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது, எரிந்த வால்வைப் போலவே கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) குறையும். எனவே இதைச் சரிசெய்யாமல் அளந்த கொம்பிரஷன் கணக்கில் சேராது. சரிசெய்தும் சில நூறு கிலோமீற்றரில் மறுபடி இறுகினால் வால்வு, அது மூடி உட்காரும் சீட்டுக்குள் இறங்குகிறது.

இனிக் கொம்பிரஷன். அழுத்தம் காட்டும் கேஜோடு, பிளக் மரைக்கேற்ற அடாப்டரும் வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி, அக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, முள் ஏறாமல் நிற்கும்வரை ஏழெட்டுத் தரம் கிக்கரை உதையுங்கள். 150 பிஎஸ்ஐக்கு மேல் நல்லது, 110க்குக் கீழே கசிவு. 190 காட்டினால் சந்தோஷப்படாதீர்கள்: கரி அறையை அடைத்து இடத்தைக் குறைத்திருக்கிறது.

குறைந்தால் பிளக் ஓட்டையில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளப்பது வழமை. ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. இந்த எஞ்சினில் அதை முழுக்க நம்ப முடியாது. சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்திருப்பதால் ஒயில் கீழ்ப்பக்கத்தில் மட்டும் தேங்கும், மேல்பக்க ரிங் காய்ந்தபடியே இருக்கும். காற்றுச் சோதனைதான் சரி. 'டி' குறியில், இரண்டு வால்வும் மூடிய நிலையில், மக்னெட் நட்டை ஸ்பானரால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிளக் ஓட்டை வழியாக 30 பிஎஸ்ஐ காற்று விடுங்கள். காபரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்சோஸ்ட், ஒயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங்.

வால்வுதான் என்றால் மட்டும் ஹெட்டைக் கழற்றுங்கள். இன்லெட் வால்வின் முதுகில் தார் போல ஈரக்கரி என்றால் ஒயில் இறங்கியது. உலர்ந்த புகைக்கரி என்றால் காபரேட்டர் பெற்றோலை அதிகம் விடுகிறது. மண்ணெண்ணெயில் ஊறவிட்டு மரக்குச்சியால் சுரண்டுங்கள், சீட் முகத்தில் கம்பி பிரஷ் படக்கூடாது. பிறகு வால்வு முகத்தில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டு, சீட்டில் வைத்து அழுத்திக் கால் சுற்று திருப்புங்கள். எல்லாக் கோடும் அறுபட்டால் சீட் நல்லது, அறுபடாத இடத்தில்தான் கசிவு.

வால்வை ஒரு சென்ரிமீற்றர் வெளியே இழுத்து ஆட்டிப் பாருங்கள். கைக்குத் தெரியும்படி ஆடினால் முதலில் கைட்டை மாற்றுங்கள். புதுக் கைட் வால்வின் மையத்தை மாற்றிவிடும், ஆகவே கைட்டை மாற்ற முதலே சீட்டை அரைப்புப் பேஸ்ட் போட்டு அரைத்திருந்தால், அதைத் திரும்ப அரைக்க வேண்டிவரும்.