விவரம் கசிந்தால் முதலில் ஒரு கடிதம்

போன வருடம் ஒருவன் போன் செய்து, அம்மாவின் மருத்துவக் காப்பீட்டு பாலிசி எண்ணையும் அவருக்குக் கண் ஆபரேஷன் நடந்த தேதியையும் பிசகாமல் சொன்னான். "பிரீமியத்துல பணம் திரும்ப வருது, ஓடிபி சொல்லுங்க." சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து காப்பீட்டு நிறுவனமே மின்னஞ்சல் அனுப்பியது, ‘தரவுப் பாதுகாப்புச் சம்பவம்’ என்று. திருட்டு என்று எழுதக் கை வரவில்லை போலும்.

பணம் போயிருந்தால் மற்றதெல்லாம் அப்புறம். உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

பணம் போகாவிட்டாலும் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். எந்தெந்த விவரம் போனது, எப்போது, என்ன நடவடிக்கை என்று மூன்றே கேள்வி. நான் மின்னஞ்சலோடு ஒப்புகை அட்டை வைத்த பதிவுத் தபாலும் அனுப்பினேன். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. அந்த அட்டை திரும்பி வந்தது. பின்னால் கைகொடுத்தது அதுதான்.

2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று படித்ததும் எனக்கும் ஆசை வந்தது. அது அரசு கஜானாவுக்குப் போகும் பணம். நமக்குச் சல்லிக்காசு கிடையாது. இழப்பீடு வேண்டுமென்றால் பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. 5 கோடி வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் விசாரிப்பார். ஆனால் வெறும் போன் நம்பர் கசிந்தது போதாது. கடவுச்சொல், வங்கி, மருத்துவ விவரம் போன்றவை போயிருக்க வேண்டும். நிறுவனத்தின் அலட்சியத்தையும் நம் நஷ்டத்தையும் காட்ட வேண்டும். புதிய சட்டம் முழுதாக நடப்புக்கு வரும்போது இந்தப் பிரிவு போய்விடும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

நான் போனது நுகர்வோர் ஆணையத்துக்கு. இரண்டு வருடத்துக்குள், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, வக்கீல் இல்லாமலும் வழக்குப் போடலாம். கட்டணம் நாம் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல, சேவைக்குக் கொடுத்த தொகையைப் பொறுத்தது. அது 5 லட்சத்துக்குள் என்றால் இலவசம். இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

"ரூபாய் போகலையே, அப்புறம் என்ன நஷ்டம்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். ஒரே மாதத்தில் அம்மாவுக்கு வந்த 37 மோசடி அழைப்புகளைத் தேதி, நேரத்தோடு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அதை ஆவணமாகச் சேர்த்திருக்கிறேன். அடுத்த வாய்தா தைக்குப் பிறகு.