தஞ்சாவூரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்க வருபவர்களுக்கு: பரீட்சை மாதம் பற்றி

யாழ்ப்பாணத்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் தஞ்சாவூருக்குப் படிக்க வருகிறவர்கள் முதல் மாதம் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்பார்கள். அதற்குக் கவலை வேண்டாம். மெஸ் இருக்கிறது, நாலு நாளில் பழகிவிடும். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இங்கே காரம் போதவில்லை என்பது மட்டும்தான் குறை. கவலைப்பட வேண்டியது நவம்பரைப் பற்றி. ஐந்து பேர் இருக்கிற வீட்டில், ஐப்பசி மழையில், செமஸ்டருக்குப் படிப்பது தனி வித்தை.

நான் மன்னார்குடிக்காரன். முதுகலை படித்த இரண்டு வருடமும் மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் ஒரு மாடி வீட்டில் இருந்தேன். கூட இருந்த நால்வரில் ஒருவர் யாழ்ப்பாணம், இன்னொருவர் மலேசியாவின் கிள்ளான். சொல்வதெல்லாம் அந்த வீட்டில் பட்டது.

காகித வேலையை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருகிறவர்கள் வந்திறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு செய்ய வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வீட்டுக்காரரும் உங்களைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பல வீட்டுக்காரர்களுக்கு இது தெரியாது, நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். தள்ளிப்போட்டால் பரீட்சை நேரத்தில்தான் வந்து கழுத்தை நெரிக்கும்.

அப்புறம் சொற்கள். நம் யாழ்ப்பாணத்து நண்பர் வந்த புதிதில் "சோதனை எப்ப?" என்று கேட்டார். வீட்டில் ஒருவன் போலீஸ் சோதனை என்று நினைத்துப் பயந்துபோனான். இங்கே பரீட்சை, தேர்வு, எக்ஸாம். தவறிய பாடம் 'அரியர்'. தமிழ் வழியில் எழுதப் போகிறவர்கள் இதைச் சிரித்துவிட்டு விட முடியாது. உங்கள் பௌதிகவியல் இங்கே இயற்பியல், இரசாயனவியல் இங்கே வேதியியல். பாடத்துக்குள் போனால் இப்படி நூறு சொல் வரும். முதல் மாதமே ஒரு நோட்டில் இரண்டு பத்தியாக எழுதி வையுங்கள். யாழ்ப்பாணத்து நண்பர் ரிவிஷனை 'மீட்டல்' என்பார். அந்தச் சொல் எங்களுக்குப் பிடித்துப்போய் வீடு முழுக்க மீட்டலாகிவிட்டது.

இனி வீடு. அமைதியைத் தேடாதீர்கள், கிடைக்காது. இந்த வீட்டில் எப்போது சத்தம், எப்போது இல்லை என்று ஒரு வாரம் கவனியுங்கள். எங்கள் வீட்டில் மாலை ஏழிலிருந்து பத்து வரை உருப்படாத நேரம். சமையல், வந்துபோகிற நண்பர்கள், ஏப்ரல் மே பரீட்சையானால் ஐபிஎல். அந்த நேரத்தில் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு எல்லாரையும் முறைத்தது என் முதல் செமஸ்டர் தவறு. படிப்பும் ஏறவில்லை, பேச்சுவார்த்தையும் நின்றுபோனது. இரண்டாவது செமஸ்டரில் ஏழு மணிக்கு நானும் வெங்காயம் நறுக்கினேன். பத்தரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தேன். அந்த நேரத்தில் வீட்டில் விழித்திருப்பது சுவர்ப்பல்லி மட்டும். ஏழு மணி வரை இரண்டரை மணி நேரம் முழுசாகக் கிடைக்கும். ஏப்ரல் வெயிலில் இது இன்னும் முக்கியம். மதியம் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் உட்கார்ந்து எதுவும் படிக்க முடியாது.

விதி நிறைய போடாதீர்கள். நாங்கள் போட்டது ஒன்றே ஒன்று: பரீட்சை மாதத்தில் உள்ளறை படிப்பறை, அங்கே போன் பேசக்கூடாது. வெளியறையில் என்ன ஆட்டம் போட்டாலும் கேள்வி இல்லை. தண்ணி மோட்டாருக்கு மட்டும் முறை வைத்திருக்க வேண்டும். வைக்காததால் ஒரு பரீட்சை நாள் காலையில் தொட்டி காலி, ஐந்து பேருக்கு அரை வாளி. நான் முகம் மட்டும் கழுவிக்கொண்டு போய் எழுதினேன்.

மின்சாரத்துக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு பகல் முழுக்க நிறுத்துவார்கள். முதல் நாள் செய்தித்தாளிலேயே பகுதிவாரியாகப் போட்டுவிடுவார்கள், பார்த்து லேப்டாப்பைச் சார்ஜ் போட்டு வையுங்கள்.

மழை விஷயம்தான் வெளியூர்க்காரர்களை ஏமாற்றும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, செமஸ்டரும் அதற்குள்தான். இரவு கனமழை பிடித்தால் வீட்டில் அத்தனை பேரும் புத்தகத்தை மூடிவிட்டு, "கலெக்டர் லீவு விட்டாரா?" என்று போனைப் பார்ப்பார்கள். அறிவிப்பு 'பள்ளிகளுக்கு மட்டும்' என்று வரும். 'பள்ளி, கல்லூரிகளுக்கு' என்றே வந்தாலும் பல்கலைக்கழகத் தேர்வு நடக்குமா என்பதைப் பல்கலைக்கழகம் தனியாகச் சொன்னால்தான் உண்டு. மழையை நம்பிப் படிக்காமல் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் நானே.

படிக்கும் முறைக்கு வருவோம். ஐந்து பேர் இருப்பதன் லாபம் இங்கேதான். ராமானுஜன் சிறுவனாக இருந்தபோது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டில் கல்லூரி மாணவர்கள் தங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் கேட்டுக் கேட்டே தீர்த்துவிட்டார் என்பார்கள். அதே ராமானுஜன் பின்னால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்தார். பிடிக்காத தாளை ஓரம் கட்டும்போதெல்லாம் எங்கள் வாத்தியார் இதைத்தான் எடுப்பார்.

நாங்கள் செய்தது இது. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம், ஆளுக்கொரு கேள்வி, புத்தகம் மூடியிருக்க வேண்டும். திக்கினால் மற்றவன் எடுத்துக்கொடுக்கக் கூடாது, ஒரு நிமிஷம் யோசிக்க விட வேண்டும். பழைய திண்ணைப் பள்ளியில் ஒப்பித்தது போலத்தான். ஆனால் வரி மாறாமல் வேண்டாம், பொருள் வந்தால் போதும். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்களே கூடுதலாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம், பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களுக்கு 56. முதல் நாள் ராத்திரி புரட்டிவிட்டு எல்லாம் தெரிந்த மாதிரி தோன்றுகிறதே, அந்தத் தோற்றத்தை நம்பக் கூடாது.

பழைய வினாத்தாள்கள் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் கட்டாகக் கிடைக்கும். படிக்கத் தொடங்கும் முன்பே வாங்கி, அமைப்பைப் பாருங்கள். எங்கள் தாள் 75 மதிப்பெண், மீதி 25 இன்டர்னல், அதாவது கல்லூரியிலேயே போடுகிற மதிப்பெண். ஐந்து யூனிட். இரண்டு மதிப்பெண் கேள்வி யூனிட்டுக்கு இரண்டு, எல்லாம் எழுத வேண்டும். ஐந்து மதிப்பெண் கேள்வியில் 'அல்லது' உண்டு, ஆனால் இரண்டும் அதே யூனிட்டிலிருந்துதான். பத்து மதிப்பெண் மட்டும் ஐந்தில் மூன்று. அதாவது ஒரு யூனிட்டை அடியோடு விட்டால் ஒன்பது மதிப்பெண் கையைவிட்டுப் போகும். விடத்தான் வேண்டுமென்றால் இரண்டு யூனிட்டில் நெடுவினாவை மட்டும் விடுங்கள், சிறுவினாக்களை விடாதீர்கள். உங்கள் துறையில் அமைப்பு வேறாக இருக்கும். கணக்குப் போடும் விதம் இதுதான்.

வீட்டில் சுத்தமாக முடியாத நாளில் பல்கலைக்கழக நூலகம், இல்லையென்றால் மாலையில் பெரிய கோயில் பிரகாரம். ராஜராஜ சோழன் பிறந்த நட்சத்திரத்துக்கு எடுக்கும் ஐப்பசி சதய விழா நாட்களில் அந்தப் பக்கம் படிக்கப் போகாதீர்கள், கூட்டம் தாங்காது. ஒரு மாலை வேடிக்கை பார்க்கப் போகலாம்.

ஹால் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு முதல் நாளே பையில் வைத்துவிடுங்கள். கிள்ளான் நண்பர் ஹால் டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மழையில் பஸ் ஸ்டாப்பில் நின்றார். பஸ் வருவதற்குள் அது கரைந்துவிட்டது.